மூன்று முறை மொராக்கோ போனவள்

அக்டோபர் 22, புதன்

பெஞ்சமினுக்குக் கால் முறிந்துவிட்டது. தீபாவளிக்கு மறுநாள் மழையில், பாலக்கரைப் பக்கம் ஸ்கூட்டர் சறுக்கிவிட்டதாம். கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. ஆறு வாரத்துக்குத் தரையில் கால் ஊன்றக் கூடாது.

முதலாளி லூர்து சார் காலையிலிருந்து நாற்காலியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். நவம்பர் 14 மொராக்கோ குரூப் கிளம்புகிறது. பன்னிரண்டு பேர். விமானம், ஓட்டல், வண்டி எல்லாம் நான் போட்டது. கூட்டிக்கொண்டு போகவேண்டிய பெஞ்சமின்தான் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். மூன்று மணிக்கு சார் என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"மங்கை, உங்கிட்ட பாஸ்போர்ட் இருக்கா?"

"இருக்கு சார்."

"தேதி முடிஞ்சு போயிடலையே?"

"2031 வரைக்கும் இருக்கு சார்."

"அப்ப நீ போ."

பதினேழு வருடமாக இந்த டிராவல்ஸில் இதே நாற்காலி. டிக்கெட் போடுவேன், விசா படிவம் நிரப்புவேன், போட்டோ அளவு சரியில்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்புவேன். என் கையால் கடல் தாண்டியவர்கள் ஐயாயிரம் பேராவது இருப்பார்கள். நான் போன அதிகபட்ச தூரம் பெங்களூர். எனக்கு அந்த மாதிரி ஆசையெல்லாம் கிடையாது. வேலை என்று வந்தால் செய்யத்தானே வேண்டும்.

அக்டோபர் 23, வியாழன்

சார் ஒவ்வொரு பயணிக்கும் போன் செய்து ஆள் மாறிய விஷயத்தைச் சொன்னார். கரூர் சிமெண்ட் வியாபாரி மெய்யப்பனிடம் பேசும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"கவலையே படாதீங்க. நம்ம மங்கையர்க்கரசி மேடம் மொராக்கோவுக்கு மூணு தடவை போயிட்டு வந்தவங்க. ஃபெஸ் ஊரு சந்து சந்தாத் தெரியும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். சார் பார்வையைச் சுவர்க் காலண்டருக்கு மாற்றிக்கொண்டார். போனை வைத்ததும் கேட்டேன்.

"ஏன் சார் இப்படி?"

"புது ஆளுன்னு சொன்னா எவன் வருவான்? மூணு வாரம் இருக்குல்ல. கத்துக்க."

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெஞ்சமின் கட்டுக்காலைத் தொங்கவிட்டுக்கொண்டு சிரித்தான். "அக்கா, கைடு புக் படிச்சா கைடு புக் மாதிரியேதான் பேசுவீங்க. படம் பாருங்க. அந்த ஊர்க்காரங்க எடுத்த படம். எப்படி உக்கார்றாங்க, எப்படிச் சாப்பிடுறாங்க, கோவம் வந்தா என்ன பண்றாங்கன்னு அதுலதான் தெரியும். நான் ஜப்பான் போறதுக்கு முன்னாடி அப்படித்தான் பண்ணினேன்."

அவன் கொடுத்த பெயர்களை எழுதி வந்திருக்கிறேன். ஆங்கில எழுத்துகள் கீழே ஓடும் படங்கள். மொத்தம் பதினான்கு.

அக்டோபர் 25, சனி

முதல் படம். ஆபீஸ் மூடிய பிறகு ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே பார்த்தேன். வெளிநாடு போக விசாவுக்குக் காத்திருக்கும் ஓர் ஆசாமி. இரண்டு மணி நேரமும் காத்திருக்கிறார். கடைசியில் மறுத்துவிடுகிறார்கள். படம் எடுத்தவர் அதை விதி என்று சொல்லவருகிறார். எனக்கு முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்டது: அவர் விசா போட்டோவில் பின்னணி நீலமாக இருந்தது. வெள்ளைப் பின்னணி இல்லாமல் எந்தத் தூதரகம் ஒத்துக்கொள்ளும்?

அக்டோபர் 27, திங்கள்

இரண்டாவது படம் ஒரு பஸ் கண்டக்டரைப் பற்றி. குறுகலான சந்துகள் நிறைய. எல்லோரும் "பாலக்! பாலக்!" என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பாலக் கடைசிவரை வரவில்லை. கீழே எழுத்திலும் அவனைப் பற்றி ஒன்றுமில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

பாலக் ஆள் இல்லை. மூன்றாவது படத்தில் ஒருத்தி அப்படிக் கத்தியதும் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். பின்னாலேயே மூட்டை சுமந்த கோவேறு கழுதை வந்தது. "ஒதுங்கு, வழி விடு" என்று அர்த்தம். எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து வாட்ச்மேன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 30, வியாழன்

நான்கு படம் ஆயிற்று. மூன்றில் யாரோ ஒருவர் நாட்டைவிட்டு வெளியே போகத் துடிக்கிறார். நாங்கள் பதின்மூன்று பேர் உள்ளே போகிறோம்.

நவம்பர் 1, சனி

படங்களில் டீயை ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்றுகிறார்கள். சின்னக் கண்ணாடித் தம்ளரில் விழுந்து நுரை கட்டுகிறது. ஒரு சொட்டு சிந்துவதில்லை. வீட்டில் எவர்சில்வர் கூஜாவில் முயற்சி செய்தேன். முதல் தடவை மேசை. இரண்டாம் தடவை என் கை. மூன்றாம் தடவை அண்ணன் படித்துக்கொண்டிருந்த பேப்பர்.

விமலா அண்ணி துணியோடு வந்தாள். "உறையூர்ல இப்படி ஊத்தினா ஓட்டல்காரன்கூட வேலை குடுக்க மாட்டான்." துடைத்துவிட்டு, "எங்க, இன்னொரு தடவை ஊத்து பாப்போம்" என்றாள். அவளும் ஒரு தடவை ஊற்றிப் பார்த்தாள். அவளுக்கு என்னைவிட நன்றாக வந்தது. அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நவம்பர் 2, ஞாயிறு

ஸ்வெட்டர் தேடுகிறேன் என்று அண்ணி என் பீரோவைத் திறந்தாள். பாஸ்போர்ட் கையில் சிக்கியது. ஒன்றல்ல, பின் போட்டுச் சேர்த்து வைத்த இரண்டு.

"இது 2011ல எடுத்ததா?"

"ஆமா அண்ணி. அது முடிஞ்சுபோச்சு. மேல இருக்கறது புதுசு."

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். "ஒரு முத்திரைகூட இல்லியே மங்கை. பத்து வருஷம் சும்மாவே இருந்திருக்கு. புதுசு எடுத்தது கொரோனா வருஷம். அப்ப யாரும் எங்கயும் போக முடியலையே?"

"ஆபீஸ்ல எல்லாரும் எடுத்தாங்க. நானும் எடுத்தேன்."

ஆபீசில் அப்போது இருந்தது நானும் லூர்து சாரும்தான். அண்ணி மேலே ஒன்றும் கேட்காமல் ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் போட்டாள். மதியம் கத்தரிக்காய் கொத்சு. நன்றாக இருந்தது.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. கரண்ட் இல்லை. படம் இல்லை.

நவம்பர் 5, புதன்

இதுவரை பார்த்ததில் இதுதான் எனக்குப் பிடித்தது. அந்த ஊரில் பேட்டைக்குப் பேட்டை ஒரு பொது அடுப்பு உண்டு. ஃபர்ரான் என்கிறார்கள். வீடுகளில் மாவு பிசைந்து, தட்டி, பலகையில் வைத்து, துணி போர்த்தி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அடுப்புக்காரர் நீளமான கட்டையால் உள்ளே தள்ளிச் சுட்டுக் கொடுக்கிறார். எந்த ரொட்டி எந்த வீட்டுடையது என்று அவருக்கு மனப்பாடம். படத்தில் அவருக்குப் பார்வை மங்கத் தொடங்குகிறது. யாரிடமும் சொல்லமாட்டார். ரொட்டிகள் வீடு மாறிப் போகின்றன. ஒரு வீட்டின் உப்பு இன்னொரு வீட்டுக்குப் போய், இரண்டு வருடமாகப் பேசாத சம்பந்திகள் பேசத் தொடங்குகிறார்கள்.

இரண்டு தடவை பார்த்தேன். கீழே ஓடிய எழுத்துகளை நோட்டில் எழுதியும் வைத்தேன். லாபாஸ் என்றால் சௌக்கியமா. பதிலும் லாபாஸ்தான். வாஹா என்றால் சரி. சாஃபி என்றால் போதும்.

நவம்பர் 9, ஞாயிறு

பயணிகள் கூட்டம். கண்டோன்மெண்டில் ஓர் ஓட்டலின் சின்ன ஹால். கேசரி, போண்டா, காபி.

பள்ளப்பட்டி அப்துல் வகாப் ராவுத்தரும் அவர் மனைவி சுபைதாவும் முன் வரிசையில் இருந்தார்கள். மெய்யப்பன் நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருந்தார். தஞ்சாவூரிலிருந்து தனியாக வருகிற கனகவல்லி அம்மா கடைசி வரிசையில் முட்டியை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரசு ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்.

முதலில் அட்டவணையைப் படித்தேன். மெய்யப்பன் கொட்டாவி விட்டார். அட்டவணையை மூடிவிட்டு, டீ ஊற்றுவதைச் சொன்னேன். லாபாஸ் சொல்லிக்கொடுத்தேன். பன்னிரண்டு பேரும் ஒருவருக்கொருவர் லாபாஸ் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு வேகம் வந்துவிட்டது.

"நான் முதல் தடவை போனப்ப, தங்கியிருந்த பேட்டையில ஒரு அடுப்புக்காரர் இருந்தாரு..." என்று ஆரம்பித்தேன். எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம் என்று தெரியவில்லை. ரொட்டி மாறிய கதை முழுவதையும், சம்பந்திகளோடு சேர்த்து, பக்கத்து வீட்டில் நடந்ததாகச் சொன்னேன். சுபைதா அம்மா கண்ணைத் துடைத்தார். மெய்யப்பன் எழுதிக்கொண்டார்.

கனகவல்லி அம்மா மட்டும் ஒன்று கேட்டார். "எந்த வருஷம்மா போனீங்க?"

"அது... கொஞ்ச வருஷம் ஆச்சும்மா."

லூர்து சார் வெளியே வந்து முதுகில் தட்டாத குறை. "பெஞ்சமினெல்லாம் உன் பக்கத்துல நிக்க முடியாது" என்றார். வீட்டுக்கு வந்தும் சாப்பாடு இறங்கவில்லை. கேசரியில் நெய் அதிகம்.

நவம்பர் 12, புதன்

பதினான்கும் முடிந்தது.

நவம்பர் 14, வெள்ளி

திருச்சி விமான நிலையம். அண்ணி, அண்ணன் இருவரும் வந்தார்கள். அண்ணி தனியாக அழைத்துப் போய் ஊறுகாய்ப் பொட்டலத்தைத் திணித்துவிட்டு, "நல்லா சுத்திப் பாரு" என்றாள். "வேலைக்குப் போறேன் அண்ணி" என்றேன். "தெரியும், தெரியும். நல்லா சுத்திப் பாரு."

எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் சரிபார்த்து அடுக்கிக்கொண்டிருந்தேன். என்னுடையது கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தவர் கனகவல்லி அம்மா. விழுந்த வேகத்தில் விரிந்திருந்தது. இரண்டும்.

"பத்திரமா வெச்சிருக்கம்மா" என்றார். "ஒரு பொட்டு மைகூடப் படலை."

எனக்குக் காது சுட்டது. அவர் அதோடு விட்டுவிட்டு, சக்கர நாற்காலி கிடைக்குமா என்று கேட்டார். துபாய் வரை நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

விமானம் எழும்பும்போது கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். மூடவில்லை. காவிரியும் கொள்ளிடமும் ஒரே சமயத்தில் தெரிந்தன.

நவம்பர் 15, சனி. காசாப்ளாங்கா

படங்களில் வாசனை இல்லை. அதை யாரும் சொல்லவில்லை. கதவு திறந்ததும் கடல், டீசல், புதினா, எங்கோ சுடும் மீன். ஐந்து நிமிடம் வெறுமனே நின்றேன். மெய்யப்பன், "மேடம், வண்டி எந்தப் பக்கம்?" என்றதும்தான் நினைவு வந்தது.

டிரைவர் பெயர் இத்ரீஸ். ஐம்பது வயதிருக்கும். ஓட்டை ஆங்கிலம் பேசுவார். நான் "லாபாஸ்?" என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்து, லாபாஸ் என்று ஆரம்பித்து என் உடம்பு, என் வீடு, என் குடும்பம், என் பயணம் எல்லாவற்றையும் வரிசையாக விசாரித்தார் போலிருக்கிறது. நான் ஒவ்வொன்றுக்கும் லாபாஸ் சொன்னேன். என் பின்னால் பன்னிரண்டு பேரும் சொன்னார்கள். பிரமாதமாகப் போயிற்று.

நவம்பர் 17, திங்கள். ஷெஃப்ஷாவென்

இன்று சறுக்கல். வெள்ளிக்கிழமை மட்டும்தான் கூஸ்கூஸ் என்கிற ரவைச் சாப்பாடு சமைப்பார்கள் என்று வண்டியில் உறுதியாகச் சொல்லியிருந்தேன். எட்டுப் படத்தில் அப்படித்தான். மதியம் உட்கார்ந்த ஓட்டலில் முதலில் வந்ததே கூஸ்கூஸ். "இன்னிக்குத் திங்கக்கிழமையாச்சே மேடம்" என்றார் மெய்யப்பன்.

அடுத்தது, ஊரே நீலமாக இருக்கும் இங்கே ஒரு வளைந்த படிக்கட்டு உண்டு, மேலே அத்தி மரம், அங்கேதான் நான் போட்டோ எடுத்தேன் என்று சொல்லித்தொலைத்திருந்தேன். ஒரு மணி நேரம் தேடினோம். இத்ரீஸிடம் மரத்தைச் சொல்லிக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "அது சினிமாவில் வரும் படிக்கட்டு. அது இந்த ஊரே இல்லை, மேடம். இன்னும் கீழே, வேறு ஊர். நீல பெயிண்ட் அடித்து எடுத்தார்கள்" என்றார்.

நல்லவேளையாக மெய்யப்பன் தொப்பிக் கடையில் இருந்தார். கனகவல்லி அம்மா பக்கத்தில்தான் இருந்தார். "படிக்கட்டு கெடக்கட்டும். இல்லாதது என் முட்டிக்கு நல்லது" என்றார்.

நவம்பர் 20, வியாழன். ஃபெஸ்

நேற்று நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை.

காலையில் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் பழைய நகரத்தைச் சுற்றிக் காட்டினார். ஒன்பதாயிரம் சந்து இருக்கிறது, வண்டி எதுவும் நுழையாது, தள்ளுவண்டியும் கழுதையும்தான் என்றார். மதியம் நீல வாசலுக்குப் பக்கத்தில் எங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். சாப்பாடு. மூன்று மணிவரை கடை பார்க்கலாம், மூன்றுக்கு வாசலில் கூடவேண்டும் என்று சொல்லியிருந்தேன்.

மூன்று மணிக்குப் பதினோரு பேர் இருந்தார்கள். கனகவல்லி அம்மா இல்லை.

மூன்றே கால். மூன்றரை. அவர் போன் ஓட்டல் வைஃபையில் மட்டும்தான் வேலை செய்யும். வழிகாட்டியின் போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. இத்ரீஸ் வண்டிக்கு டயர் மாற்றப் போயிருந்தார், வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்.

"எதுக்கு டிரைவருக்கெல்லாம் போன் போட்டுக்கிட்டு?" என்றார் மெய்யப்பன். "உங்களுக்குத்தான் சந்து சந்தாத் தெரியுமே. போய்க் கூட்டிட்டு வாங்க. நாங்க இங்கயே நிக்கறோம்."

வாசலுக்குள் பார்த்தேன். முதல் பத்தடியிலேயே வழி மூன்றாகப் பிரிந்தது. பதினோரு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது ஒரு சந்தில் நுழைந்திருப்பேன். நுழைந்திருந்தால் தேடவேண்டியவர்கள் இரண்டு பேர் ஆகியிருப்போம்.

"சார், எனக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"இந்த ஊரு தெரியாது சார். நான் இங்க வந்ததே இல்லை. மூணு தடவையும் இல்லை, ஒரு தடவையும் இல்லை. இந்தியாவை விட்டே இப்பத்தான் வெளிய வர்றேன். நான் சொன்னதெல்லாம் படத்துல பாத்தது."

பின்னாலிருந்து ஒருவர் "பாலக்!" என்று கத்தினார். பன்னிரண்டு பேரும் ஒரே சமயத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். தோல் மூட்டைகளோடு கழுதை கடந்து போயிற்று.

மெய்யப்பன் முகம் சிவந்திருந்தது. "அப்ப அந்த ரொட்டி மாறிப்போன கதை?"

"அதுவும் படம்தான் சார்."

"எம் பொண்ணுகிட்ட சொன்னேனே! எங்க சங்கக் கூட்டத்துல சொன்னேனே!"

அவருக்கு வேறு எதையும்விட அதுதான் வலித்தது. அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது என் போன் அடித்தது. தெரியாத எண்.

"மங்கையா? கனகவல்லி பேசறேன். பயப்படாத. ஒரு கடைக்காரர் போன் குடுத்தாரு."

"எங்கம்மா இருக்கீங்க?"

"தெரிஞ்சா நான் ஏன் போன் பண்றேன்? முட்டி மடங்கல, உக்காந்துட்டேன். எதுத்தாப்புல குகை மாதிரி ஒண்ணு, உள்ள நெருப்பு எரியுது. பொம்பளைங்க பலகையில மாவைக் கொண்டாந்து குடுக்கறாங்க. ஒரு ஆளு நீளக் கட்டையால உள்ள தள்ளுறாரு. பக்கத்துல ஒரு தண்ணிக் குழா, பச்சை ஓடு பதிச்சது..."

அறுந்துவிட்டது. திருப்பிக் கூப்பிட்டேன். போகவில்லை.

"ஃபர்ரான்ல இருக்காங்க" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. "பொது அடுப்பு. பேட்டைக்கு ஒண்ணு இருக்கும். அவங்களால ரொம்ப தூரம் நடக்க முடியாது. பக்கத்துலதான் இருக்கணும்."

"நானும் வர்றேம்மா" என்றார் ராவுத்தர். "சின்ன வயசுல ஓதினதுல அரபு எழுத்தை வாசிச்சுடுவேன். அர்த்தம்தான் தெரியாது."

"எனக்கு நாலு வார்த்தை தெரியும் பாய். வாசிக்கத் தெரியாது."

"அப்ப ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு. வாங்க."

பெரிய தெருக்களில் பிரெஞ்சிலும் பலகை இருந்தது. உள்ளே போகப் போக அரபு மட்டும். ராவுத்தர் ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் இருந்ததைச் சத்தமாக வாசித்து, திரும்பி வர வேண்டுமே என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். நான் எதிரே வந்தவர்களை எல்லாம் "ஃபர்ரான்? ஃபர்ரான்?" என்று கேட்டேன். முதலில் காட்டிய இடத்தில் அடுப்பு இருந்தது, பச்சை ஓடு இல்லை. இரண்டாவது பூட்டியிருந்தது. வாசலில் பூனை தூங்கியது.

அதற்கப்புறம் ஒரு பெண் வந்தாள். என் வயதிருக்கும். தலையில் துணி போர்த்திய பலகை. நான் கேட்டதும் நின்று என் முகத்தையும் சுடிதாரையும் பார்த்து, "ஹிந்தியா?" என்றாள். இந்தியாக்காரியா என்று கேட்கிறாள். தலையாட்டினேன். கடகடவென்று என்னவோ சொன்னாள். பதினான்கு படத்தில் ஒரு வார்த்தைகூட உதவிக்கு வரவில்லை. புரியவில்லை என்பதைக் கண்டுகொண்டாள். ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தன் முட்டியைத் தட்டி, முகத்தைச் சுளித்துக் காட்டினாள்.

"அவங்கதான் பாய்!" என்று கத்திவிட்டேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கனகவல்லி அம்மாவின் முட்டி அந்தப் பேட்டைக்கே தெரிந்திருந்தது. வழியில் இன்னும் இரண்டு பேர் எங்களைப் பார்த்ததும் தங்கள் முட்டியைத் தட்டி முன்னால் கை காட்டினார்கள்.

பச்சை ஓடு பதித்த குழாய். எதிரே அடுப்பு. வாசலில் கவிழ்த்த மரப்பெட்டியின் மேல் கனகவல்லி அம்மா. ஒரு கையில் சுடுரொட்டி, பக்கத்தில் ஆலிவ் எண்ணெய், டீ. அடுப்புக்காரரின் கையில் இருந்த சூட்டுக் காயத்தைத் தன் இன்னொரு கையால் திருப்பித் திருப்பிப் பார்த்து, தண்ணீரில் காட்டச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார். தமிழில்தான். அவரும் பணிவாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

நான் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேம்மா" என்றேன். "நான் வந்ததே இல்லைன்னு."

"நல்லதாப் போச்சு. ரொட்டி சாப்பிடு."

"உங்களுக்கு ஏர்போர்ட்லயே தெரியும். ஏம்மா யார்கிட்டயும் சொல்லலை?"

"நான் வேலைக்குச் சேர்ந்து முதல் ஊசி போட்டப்ப, நூறு பேருக்குப் போட்டிருக்கேன்னுதான் அந்த ஆளுகிட்ட சொன்னேன். பாவம், அவன் கையைக் குடுத்தான்." ரொட்டியைப் பிய்த்து எண்ணெயில் தோய்த்து நீட்டினார். "மூணு தடவைன்னது நீயா, உங்க முதலாளியா?"

"சார்தான்."

"நெனச்சேன்."

ராவுத்தர் உள்ளங்கையை வாசித்துக்கொண்டே எங்களைத் திரும்பக் கூட்டிவந்தார். ஒரே ஒரு தடவைதான் தப்பான சந்து. வியர்வையில் ஓர் எழுத்து அழிந்திருந்தது.

மெய்யப்பன் என்னோடு பேசவில்லை. இரவுச் சாப்பாட்டில் போனில் நீளமாக ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். சுபைதா அம்மா என் தட்டில் ஒரு பேரீச்சம்பழம் வைத்துவிட்டு, "அந்தப் படத்துல சம்பந்தி ரெண்டு பேரும் நெஜமாவே சேந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

நவம்பர் 21, வெள்ளி. மெர்சூகா

மணல். இவ்வளவு மணலுக்கு எந்தப் படமும் என்னைத் தயார் செய்யவில்லை. ஒட்டகத்திலிருந்து இறங்கியபோது யாருக்கும் ஒன்றும் விளக்கவில்லை. எனக்கு எப்படி இருந்ததோ அப்படித்தான் எல்லோருக்கும் இருந்தது.

நவம்பர் 23, ஞாயிறு. மராக்கேஷ்

லூர்து சார் போன்.

"மெய்யப்பன் மெயில் போட்டிருக்காரு. ரெண்டு பக்கம். ஏம்மா சொன்னே?"

"தெரியலைன்னு சொன்னாத்தானே சார் தேட முடியும்?"

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆச்சரியம் என்னவென்றால், சந்தையில் பித்தளை விளக்குகளைப் பார்த்துக்கொண்டே அப்படி நினைத்தேன்.

"அந்தத் தஞ்சாவூர் அம்மா நேத்து எனக்குப் போன் பண்ணினாங்க" என்றார். "பொய் சொன்னது நீங்க, முழிச்சது அந்தப் பொண்ணான்னு கேட்டாங்க. இந்த வயசுல எனக்கு இது தேவையா மங்கை?"

நான் ஒரு விளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

"ஏப்ரல்ல துருக்கி குரூப் இருக்கு. பெஞ்சமினுக்கு அதே சமயம் ஜப்பான். அங்கயும் நீ போனதில்லைன்னு நோட்டீஸ்லயே போட்டுடறேன். சரியா?"

"வாஹா சார்."

"என்னது?"

"சரின்னேன்."

மெய்யப்பனிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர், "பொய்யின்னாலும் நல்லா சொன்னீங்க" என்றார். அதற்குமேல் இறங்கிவரவில்லை. பரவாயில்லை.

நவம்பர் 24, திங்கள். காசாப்ளாங்கா

இரவு எட்டு மணிக்கு விமானம். மதியம் எல்லோருக்கும் ஓய்வு. கடைத்தெருவுக்கு வருகிறீர்களா என்று சுபைதா அம்மா கேட்டார். எனக்கு ஒரு வேலை இருக்கிறது என்றேன். வேலை ஒன்றுமில்லை. ஓட்டலுக்கு நாலு தெரு தள்ளி ஒரு பழைய சினிமாக் கொட்டகையைக் காலையிலேயே பார்த்து வைத்திருந்தேன். இரண்டு மணிக் காட்சி. சீட்டு வாங்கி உள்ளே போனேன்.

பாதிக் கொட்டகை நிரம்பியிருந்தது. படம் ஆரம்பித்ததும் கண் தானாகத் திரையின் கீழே போயிற்று. அங்கே எழுத்து இல்லை. இது அவர்கள் ஊர், அவர்கள் படம், யாருக்காக எழுத்துப் போடுவார்கள்? ஐந்து நிமிடம் கீழேயே தேடிக்கொண்டிருந்தேன். அப்புறம் வேறு வழியில்லாமல் மேலே பார்த்தேன்.

பதினான்கு படத்திலும் நான் யாருடைய முகத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. படித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். இன்றைக்கு முகம் மட்டும்தான் இருந்தது. ஒரு கடைக்காரர், அவர் மகள், அவளுக்கு எங்கிருந்தோ வந்த ஒரு கடிதம். கொட்டகை சிரித்தபோது நானும் அரை வினாடி தள்ளிச் சிரித்தேன். அதைப் பார்த்துப் பக்கத்து சீட்டுப் பெண்மணி இன்னும் சிரித்தார். பருமனான உடம்பு, கையில் சூரியகாந்தி விதைப் பொட்டலம். என் பக்கம் நீட்டினார். எடுத்துக்கொண்டேன்.

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ரயில் நிலையம். மகள் பெட்டியோடு நிற்கிறாள். அப்பா ஒன்றும் பேசவில்லை, அவள் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிடுகிறார். அவள் முகத்தில் அழுகை இல்லை. போகவேண்டும் என்ற ஆசை அப்படியே தெரிந்தது. அதை மறைக்க அவள் எதுவும் செய்யவில்லை.

நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது பக்கத்துப் பெண்மணி என் கையைத் தொட்டபோதுதான் தெரிந்தது. குனிந்து ஏதோ கேட்டார். கேள்வி என்பது மட்டும் புரிந்தது.

"எனக்கு வரணும்னு ஆசையா இருந்துச்சும்மா" என்றேன், தமிழில். "பதினேழு வருஷமா. எங்கயாவது. யார்கிட்டயும் சொன்னதில்லை."

அவர் முழுவதையும் கேட்டார். என் கையை இரண்டு தடவை தட்டினார். "வாஹா" என்றார். "வாஹா, வாஹா."

இன்னும் கொஞ்சம் விதையை என் உள்ளங்கையில் கொட்டிவிட்டுத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். ரயில் கிளம்பிவிட்டிருந்தது. மீதிப் படத்தை இருவரும் சேர்ந்து பார்த்தோம்.